தவணைக்குப் போகும் முன் மூடியைத் திறந்து பாருங்க



இந்த மாதப் பாடம் கேம் விளையாடுற கணினியைப் பற்றியது. "இதெல்லாம் நம்ம இதழுக்கு வேணுமாப்பா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். வேணும்தான். ஏன் என்றால் இது விளையாட்டைப் பற்றிய பாடம் மட்டும் இல்லை, வீட்டுக் காசைப் பற்றிய பாடமும்கூட.

2025 ஜூன் மாதம், பாசிர் கூடாங்கில் இருக்கும் என் சித்தி மகன் எனக்குப் போன் செய்தான். எஸ்.பி.எம். முடித்து போலிடெக்னிக்கில் சேரக் காத்திருந்த நேரம். "அண்ணே, என் பி.சி. செத்துப் போச்சுண்ணே. புதுசு வாங்கணும். கடையில 4,200 வெள்ளி சொல்றாங்க. மாசம் 215 வெள்ளி, 24 மாசம் கட்டினா போதுமாம்."

215-ஐ 24-ஆல் பெருக்குங்க. 5,160 வெள்ளி. அதாவது தவணைக்காக மட்டும் 960 வெள்ளி கூடுதல். சித்தி தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்த விலை மூன்று மாத அடிப்படைச் சம்பளம். கட்டப்போவது தம்பி இல்லை, சித்திதான்.

"செத்துப் போச்சா, மெதுவா ஓடுதா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் ஓடுகிறதாம். அப்படி என்றால் சாகவில்லை. அவனுடைய பகுதி நேர வேலைச் சேமிப்பு 700 வெள்ளி, சித்தி கொடுப்பதாகச் சொன்னது 300 வெள்ளி. மொத்தம் 1,000. அதற்குள் முடிப்போம் என்று முடிவு செய்தோம்.

கணினி இதுதான்: 2018-இல் வாங்கியது. ரைசன் 5 2600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜி.பி. ரேம் ஒரே துண்டு, ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கிராபிக்ஸ் கார்டு, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், 450 வாட் பவர் சப்ளை. உங்களில் பலர் வீட்டில் இதே வயதுக் கணினிதான் இருக்கும். அதனால் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

படி 1: முதலில் அளந்து பாருங்க

டாக்டர் ரத்தம் சோதிக்காமல் மருந்து எழுதினால் ஒத்துக்கொள்வோமா? கணினிக்கும் அதே நியாயம். எந்தப் பாகம் மூச்சு முட்டுகிறது என்று தெரியாமல் காசு போடக் கூடாது.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வழக்கமாக ஆடும் கேமை 15 நிமிடம் ஆடுங்க. கேம் ஓடும்போதே திரையில் எண்களைக் காட்ட எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிறகு இப்படிப் படிக்கணும்:

• கிராபிக்ஸ் கார்டு 95 முதல் 100 சதவீதத்தில் நின்றால், தடை கிராபிக்ஸ் கார்டில்.
• கிராபிக்ஸ் கார்டு 60 சதவீதத்தில் சோம்பலாக இருந்து, ப்ராசசரின் ஏதாவது ஒரு கோர் முழுதாக நிரம்பினால், தடை ப்ராசசரில்.
• ரேம் நிரம்பி டிஸ்க் 100 சதவீதத்துக்கு ஏறினால், ரேம் பற்றாமல் விண்டோஸ் டிஸ்கைக் கடன் வாங்குகிறது. கேம் திடீர் திடீரென்று நின்று நின்று ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு எளிய சோதனை: கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்க. ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லை என்றால் பெரும்பாலும் ப்ராசசர். ஏன்? படத்தின் அளவு குறைந்தால் வரையும் வேலைதான் குறையும். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே போகிறது என்று ப்ராசசர் போடும் கணக்கு குறையாது.

தம்பியின் கணினியில் பெரிய கேம்களில் கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதம். வேலரண்டில் ப்ராசசர் தடை. எதைத் திறந்தாலும் ரேமும் டிஸ்கும் நிரம்பின. ப்ராசசர் வெப்பம் 92 டிகிரி. அந்த ப்ராசசருக்கு உச்ச வரம்பே 95. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

படி 2: துடைக்கணும்

சரஸ்வதி பூஜை அன்று கணினிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். உள்ளே ஏழு வருடத் தூசி. தம்பியின் ப்ராசசர் விசிறிக்கு அடியில் தூசி பஞ்சு மெத்தை போலப் படிந்து கிடந்தது.

சுவர் சுவிட்சை அடைத்து, பிளக்கைக் கழற்றி, கணினியின் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்துங்க. மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கையால் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்கணும். மென்மையான பிரஷும் காற்றடிக்கும் கருவியும் போதும். வேக்குவம் கிளீனரை உள்ளே விடவேணாம், நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கும். காற்றடிக்கும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்க, சும்மா சுழல விடக் கூடாது.

பிறகு ப்ராசசரின் பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிது வைக்கணும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஏ.எம்.4 வகை ரைசன் ப்ராசசர்களில் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கும். பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டால், ஹீட்சிங்கை நேராக இழுக்கும்போது ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பின் வளைந்தால் கதை முடிந்தது. கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அடைத்து, பேஸ்ட் இளகிய சூட்டில் ஹீட்சிங்கை இடம் வலமாக மெதுவாகத் திருகி எடுங்க.

பிரஷ், பேஸ்ட், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து 30 வெள்ளி. வெப்பம் 92-லிருந்து 74-க்கு இறங்கியது. நம் ஜோகூர் வெக்கையில், ஏர்கோன் இல்லாத அறையில், இதுதான் இருப்பதிலேயே மலிவான மேம்பாடு.

படி 3: ரேம்

விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்தே 8 ஜி.பி.யில் பாதியைச் சாப்பிட்டுவிடும். கேமுக்கு மிஞ்சுவது பாதி. 16 ஜி.பி. இன்று குறைந்தபட்சத் தேவை.

16 ஜி.பி. ஒரே துண்டாக இருப்பதைவிட 8 ஜி.பி. இரண்டு துண்டாக இருப்பது நல்லது. மதர்போர்டில் ரேமுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒரே துண்டு போட்டால் ஒரு பாதையில்தான் போக்குவரத்து. 2666 வேக டி.டி.ஆர்.4 ரேம் ஒரு பாதையில் வினாடிக்கு ஏறக்குறைய 21 ஜி.பி. கடத்தும், இரண்டு பாதையில் 42 ஜி.பி. நான்கு இடம் உள்ள மதர்போர்டில், ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலும் சரியான இடங்கள். மதர்போர்டு கையேட்டில் பார்த்து உறுதி செய்துக்குங்க.

இன்னொன்று. பெட்டியில் 3200 என்று எழுதியிருந்தாலும், பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்காவிட்டால் ரேம் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகம் பல வீடுகளில் இப்படியே தூங்குகிறது. இதைச் சரிசெய்யச் செலவு பூஜ்யம்.

நாங்கள் பழைய 8 ஜி.பி. துண்டு ஒன்றை 50 வெள்ளிக்கு வாங்கினோம். ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்கக் கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதுதான் முக்கியக் காரணம். கூலாய் பக்கம் செடெனாக்கிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் எழும்பும் பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீங்க. அவையும் அந்த வகைதான். ஆகவே வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியின் ரேமை முதலில் தேடிப் பாருங்க.

படி 4: எஸ்.எஸ்.டி.

ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டு. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. தேடும் தகவல் ஊசிக்கு அடியில் வரும்வரை அது காத்திருக்கணும். இப்படித் துண்டு துண்டாகத் தேடினால் வினாடிக்கு நூறு தேடல்தான் முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை, வினாடிக்குப் பல்லாயிரம் தேடல் செய்யும். வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேம்களும் இப்போது இதை எதிர்பார்க்கின்றன. சைபர்பங்க் 2077 கேம் 2023-இல் தன் குறைந்தபட்சத் தேவையிலிருந்தே ஹார்ட் டிஸ்கை நீக்கிவிட்டது.

சாட்டா வகை எஸ்.எஸ்.டி. வினாடிக்குச் சுமார் 550 எம்.பி. படிக்கும். என்.வி.எம்.இ. வகை 3,500 எம்.பி.யும் அதற்கு மேலும் போகும். காகிதத்தில் ஆறு மடங்கு, ஆனால் பெரும்பாலான கேம்களில் ஏற்றும் நேரத்தில் சில வினாடிகள்தான் வித்தியாசம். எது மலிவோ அதை வாங்குங்க. நாங்கள் 500 ஜி.பி. சாட்டா ஒன்றைப் புதிதாக 140 வெள்ளிக்கு வாங்கினோம். விண்டோஸும் முக்கிய கேம்களும் அதில். பழைய ஹார்ட் டிஸ்கில் படங்களும் பாடக் கோப்புகளும்.

விண்டோஸைப் புதிதாகப் போடும்போது விண்டோஸ் 11 போட்டோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025-இல் முடிந்துவிட்டது. ரைசன் 2000 வரிசையும் இன்டெல் 8-ஆம் தலைமுறையும் அவற்றுக்குப் பிந்தியவையும்தான் பொதுவாக விண்டோஸ் 11 பட்டியலில் வரும். பயாஸில் டி.பி.எம். இயக்கப்பட்டிருக்கணும்.

படி 5: பவர் சப்ளையின் ஒட்டுத்தாளைப் படிங்க

கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்பு இதைச் செய்யணும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பவேணாம். ஒட்டுத்தாளில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. இரண்டையும் பெருக்கினால் உண்மையான பலம் தெரியும். 36 ஆம்பியர் என்றால் 432 வாட், நல்லது. "500 வாட்" என்று போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 20 ஆம்பியர்தான் என்றால் அது வெறும் 240 வாட். அதை ஒதுக்கிவிடுங்க.

பிறகு தேவையைக் கூட்டணும். நாங்கள் பார்த்து வைத்த ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட். ப்ராசசர் உச்சத்தில் 88 வாட். மற்றவை எல்லாம் சேர்த்து 50 வாட். மொத்தம் 270. நல்ல 450 வாட் பவர் சப்ளை தாங்கும். தம்பியுடையது 36 ஆம்பியர், 8-பின் ஒயரும் இருந்தது. மாற்றத் தேவையில்லை.

உங்களுடையது மோசமானது என்றால், கிராபிக்ஸ் கார்டுக் காசில் குறைத்தாவது முதலில் இதை மாற்றுங்க. மட்டமான பவர் சப்ளை சாகும்போது தனியாகச் சாகாது, மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஒருபோதும் பவர் சப்ளையைத் திறக்காதீங்க. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

படி 6: கிராபிக்ஸ் கார்டு

1,000 வெள்ளியில் பெரும்பகுதி இங்கேதான் போகணும். 1050 டி.ஐ. 2016-இல் வந்தது, 4 ஜி.பி. மெமரி. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. ஆர்.எக்ஸ். 6600 2021-இல் வந்தது, 8 ஜி.பி. மெமரி. 1080பி திரைக்கு இன்னும் தாராளமாகப் போதும்.

பழையது 580 வெள்ளிக்குக் கிடைத்தது. பழையது வாங்கும் கலை இதுதான்:

ஓடுவதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க. முதலில் நாங்கள் பார்க்கப்போன ஒருவர், "டெஸ்ட் எல்லாம் வேணாம் தம்பி, காட் நல்லாத்தான் இருக்கு லா" என்றார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம். இரண்டாவது ஆள் தன் வீட்டிலேயே கார்டை மாட்டி 15 நிமிடம் பெஞ்ச்மார்க் ஓட்டிக் காட்டினார். திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, விசிறி கறகறக்கிறதா, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டோம்.

ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளில் கார்டின் உண்மைப் பெயரைப் பாருங்க. சந்தையில் பொய்ப் பெயர் எழுதிய கார்டுகள் உண்டு. 'ஆர்.எக்ஸ். 580 2048எஸ்.பி.' என்பதும் கவனிக்க வேண்டியது. பெயரில் 580 இருந்தாலும், உண்மையான 580-இல் 2,304 கணக்கிடும் அலகுகள், இதில் 2,048தான்.

மைனிங் செய்த கார்டா என்று கேளுங்க. 2022 செப்டம்பரில் எத்தேரியம் முறை மாறிய பிறகு அப்படிப்பட்ட கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டவை இல்லை, ஆனால் விசிறியும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும். அதற்குத் தகுந்த மாதிரி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ஜே.பி. பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: சிங்கப்பூரில் விற்கும் பழைய பாகம் மலிவாகத் தெரியும். விலை டாலரில் இருக்கிறது, வெள்ளிக்கு மாற்றிப் பாருங்க. பாகம் கெட்டால் அதே பாலத்தில் வரிசையில் நின்று திரும்பக் கொண்டு போகணும்.

படி 7: ப்ராசசர் கடைசியில்தான்

பழைய 1050 டி.ஐ.யை 180 வெள்ளிக்கு விற்றோம். அந்தக் காசு கைக்கு வந்த பிறகுதான் ப்ராசசரைப் பற்றிப் பேசினோம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டின் அருமை இங்கேதான். 2017-இல் வந்த முதல் ரைசனும் 2022-இல் வந்த ரைசன் 5 5600-ம் ஒரே சாக்கெட்தான். 2600-ஐ எடுத்துவிட்டு 5600-ஐ வைக்கலாம். இரண்டும் ஆறு கோர்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் மிக வேகம். பழையதாக 330 வெள்ளி.

ஆனால் முதலில் பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்கணும். இல்லன்னா புதியதை மதர்போர்டு அடையாளம் காணாது. பயாஸ் மாறும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடலாம். நம்ம ஊரில் சாயங்காலம் இடி மழை என்பது வாடிக்கை. எனவே காலையில் செய்யுங்க. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணை முதலில் எழுதி வைத்துக்குங்க.

கணக்கைக் காட்டுகிறேன்

துடைக்கும் பொருள்கள்: 30 வெள்ளி
ரேம் (பழையது): 50 வெள்ளி
எஸ்.எஸ்.டி. (புதியது): 140 வெள்ளி
கிராபிக்ஸ் கார்டு (பழையது): 580 வெள்ளி
ப்ராசசர் (பழையது): 330 வெள்ளி
மொத்தம்: 1,130 வெள்ளி
பழைய கார்டு விற்றது: 180 வெள்ளி
கைக்காசு: 950 வெள்ளி

இவை 2025 நடுவில் நாங்கள் கொடுத்த விலைகள். நீங்கள் படிக்கும் நாளில் மாறியிருக்கும். வரிசை மாறாது.

தவணைக்கான கூடுதல் தொகை எவ்வளவு? 960. அந்தக் காசுக்கும் குறைவாகவே முழு மேம்பாடும் முடிந்துவிட்டது. 4,200 வெள்ளி புதுக் கணினி இதைவிட வேகமாக ஓடும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1080பி திரையில் அவன் ஆடும் கேம்களுக்கும், போலிடெக்னிக் வரைபட மென்பொருளுக்கும் இது போதும். போதும் என்ற இடத்தில் நிற்பதும் பொறியியல்தான். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவதும் இதுவே: தேவையை எழுது, வரம்பை எழுது, அதற்குள் தீர்வு தேடு.

எப்போது மேம்படுத்த வேணாம்?

டி.டி.ஆர்.3 ரேம் உள்ள கணினி என்றால் அதில் காசு போடாதீங்க. எஸ்.எஸ்.டி. மட்டும் மாற்றிப் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இன்டெல் 6, 7-ஆம் தலைமுறை என்றால் கவனம். 8-ஆம் தலைமுறை அதே அளவு சாக்கெட்டாக இருந்தாலும் அந்த மதர்போர்டில் ஓடாது. அலுவலகத்தில் கழித்துவிட்ட சிறிய பெட்டிக் கணினிகளில் பவர் சப்ளை தனி வடிவில் இருக்கும், பெரிய கார்டு உள்ளே நுழையாது. வாங்கும் முன் அளவுகோலை எடுத்து அளந்து பாருங்க.

கெட்டுப்போன பாகங்களைக் குப்பையில் போடாதீங்க. மின்னணுக் கழிவு நம் சட்டப்படி அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் இலாகா அங்கீகரித்த சேகரிப்பு மையத்தில் கொடுங்க. ஹார்ட் டிஸ்கைக் கொடுக்கும் முன் தகவல்களை முழுதாக அழித்துவிடுங்க.

பயிற்சி

1. உங்கள் கணினியின் ப்ராசசர், மதர்போர்டு, ரேம் துண்டுகளின் எண்ணிக்கை, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளையின் 12 வோல்ட் ஆம்பியர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்க.

2. 15 நிமிடம் கேம் ஆடி, தடை எந்தப் பாகத்தில் என்று கண்டுபிடிங்க. காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்க.

3. எக்ஸ்.எம்.பி. இயங்குகிறதா, உள்ளே தூசி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று பாருங்க. காசில்லாமல் சரிசெய்ய முடிந்ததை முதலில் செய்யுங்க.

4. புதுக் கணினிக்கான தவணைத் திட்டம் ஒன்றை எடுத்து, மாதத் தொகையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, ரொக்க விலையைக் கழியுங்க. மிச்சம் வரும் எண்ணை வீட்டில் சம்பாதிப்பவரிடம் காட்டிப் பேசுங்க.

நான்காவது பயிற்சியைத் தவறாமல் செய்யுங்க. அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாளைக் கொண்டு வாங்க, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். யாருக்காவது மூடியைத் திறக்கப் பயமாக இருந்தால் கணினியையே தூக்கிக்கொண்டு வாங்க. ஸ்க்ரூடிரைவர் நான் கொண்டு வருகிறேன்.